ஒரு சொம்புத் தண்ணீர்

நம் வயதுக்காரர்கள் இரண்டு பேர் சந்தித்தால், முன்பெல்லாம் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று கேட்போம். இப்போது அந்தக் கேள்வி இரண்டாவதாகத்தான் வருகிறது. "சாப்பாட்டுக்கு முன்னாடி எவ்ளோ, பின்னாடி எவ்ளோ?" என்பதே முதல் விசாரிப்பு. பரீட்சை மார்க்கைச் சொல்வதுபோல நாமும் சொல்லிவிடுகிறோம். பத்து இருபது குறைத்துச் சொல்கிறவர்களும் நம்மில் உண்டு, யாரென்று நான் சொல்லப்போவதில்லை. போன வாரம் திண்டிவனத்தில் நாம் காலையில் நடக்கும் பள்ளிக்கூட மைதானத்தில், உங்களுக்குச் சக்கரை எப்படி வந்தது டீச்சர், பரம்பரையா என்று என்னைக் கேட்டீர்கள். ஆமாம், அம்மாவுக்கு இருந்தது என்று சொல்லிவிட்டு நடையைக் கூட்டிக்கொண்டேன். அதற்கு மேல் சொல்ல வாய் வரவில்லை. வாயில் வராததை எழுதிப் பார்க்கிறேன். படித்துவிட்டு நாளைக் காலையில் என் முகத்தைப் பார்க்காமல் நடந்தாலும் பரவாயில்லை.

நான் ஆறாவது படித்த வருஷம் அது. தீபாவளி முடிந்து ஒரு வாரம் இருக்கும். அம்மாவின் கால் விரலில் மெட்டி உரசி வந்த ஒரு சின்னப் புண் ஆடி மாதத்திலிருந்து ஆறாமலே இருந்தது. மஞ்சள் அரைத்துப் பூசினாள், வேப்பெண்ணெய் தடவினாள், மெட்டியைக் கழற்றி அடுத்த விரலுக்கு மாற்றினாள். புண் அசையவில்லை. அதோடு அவளுக்கு ஓயாத தாகம். சமைக்கும்போது பக்கத்திலேயே ஒரு சொம்பில் தண்ணீர் இருக்கும். குடித்துக்கொண்டே இருப்பாள். வெயில் ஜாஸ்தி என்பாள். ஐப்பசி மழையில் என்ன வெயில்?

திண்டிவனத்தில் டாக்டர் இல்லாமல் இல்லை. ஆனால் இங்கே போனால் தெருவுக்குத் தெரிந்துவிடும் என்று, விழுப்புரத்தில் சித்தியைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினோம். அம்மாவின் சிறுநீரில் சில சொட்டை எடுத்து, நீல மருந்து இருந்த கண்ணாடிக் குழாயில் விட்டு நெருப்பில் காட்டினார்கள். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்துக்கு வந்து நின்றது. எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. இன்னொரு தடவை செய்து காட்டச் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

டாக்டரம்மா கெட்டிக்காரி, பொறுமையாகச் சொன்னாள். மாத்திரையை ஒருநாளும் விடக்கூடாது. சோற்றைப் பாதியாகக் குறைக்க வேண்டும், கீரையையும் காயையும் கூட்ட வேண்டும். காலைத் தினமும் கழுவித் துடைத்துப் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக நடக்க வேண்டும். நான் வீட்டில் நாளெல்லாம் நடந்துகொண்டுதானே இருக்கிறேன் என்றாள் அம்மா.

"வேலை செய்யறது வேற, நடக்கிறது வேறம்மா. தெனமும் முக்கா மணி நேரம், வேர்க்குற மாதிரி நடக்கணும்." பிறகு என்னைப் பார்த்தாள். "நீயும் அம்மா கூட போ. இது அவங்களோட நிக்கிற வியாதி இல்ல. உனக்கும் வரலாம். இப்பவே நடந்து பழகினா வராமகூட தடுக்கலாம்."

பதினொரு வயதில் வியாதி என்றால் அது பெரியவர்களுக்கு வருவது. நான் கண்ணாடிக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அம்மா என்னிடம் சத்தியம் வாங்கினாள். சக்கரை வியாதி என்று யாரிடமும் மூச்சு விடக்கூடாது. வீட்டில் அக்காவுக்குப் பதினேழு முடிந்திருந்தது. ஜாதகம் எடுக்கும் நேரம். சக்கரைக்காரி வீட்டுப் பெண் என்று பேர் வந்தால் யார் கட்டுவார்கள்? அப்பாவும் அதையேதான் சொன்னார். அப்பா பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். ஊர் பஸ்ஸையெல்லாம் மணி பார்த்து விரட்டுகிறவர், தெருவில் நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று மட்டும் நடுங்குவார்.

சரி, எப்படி நடப்பது? இன்றைக்கு நாம் ஷூ போட்டுக்கொண்டு, காதில் பாட்டை மாட்டிக்கொண்டு, கையை வீசி நடக்கிறோம். அன்றைக்கு எங்கள் தெருவில் ஒரு பொம்பளை காரணமில்லாமல் நடக்க முடியாது. பத்தடி போவதற்குள் எங்கே கிளம்பிட்டே என்று நாலு குரல் வரும். "கைய வீசிக்கினு நடந்தா இன்னா நெனப்பாங்க?" என்று அம்மா இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் கடைக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் குடம் வாங்கிவந்தாள். பிளாஸ்டிக் குடம் வந்த புதுசு அது. பச்சை நிறம். புதுக்குடத்துக்கே உரிய ஒரு மண்ணெண்ணெய் வாசம் அதில் பொங்கலுக்குப் பிறகும் போகவில்லை.

எங்கள் தெருத் தண்ணீர் உப்பு. பருப்பு வேகாது. ரயில்வே கேட்டைத் தாண்டி ஏரிக்கரையில் ஓர் அடிபம்பு உண்டு, அதில் நல்ல தண்ணீர் வரும். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போனால் ஒருத்தரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை. போக வர முக்கால் மணி நேரம் சரியாக இருக்கும். அம்மாவின் கணக்கு அது.

முதல் நாலு நாள் தண்ணீர் பிடித்துக்கொண்டுதான் வந்தாள். நாலாம் நாள் கேட்டுக்குப் பக்கத்தில் கண் இருட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டாள். கை நடுங்கியது, ஜாக்கெட் நனைந்துபோயிற்று. மாத்திரை போட்டுவிட்டு ஒன்றும் சாப்பிடாமல் வந்ததால் அப்படி ஆனது என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். அன்று அவள் குடத்தின் பாரம் என்று நினைத்தாள். தண்ணீரைக் கொட்டிவிட்டாள். மறுநாளிலிருந்து ஒரு சொம்பு மட்டும் பிடிப்பாள். நடக்கும்போது உள்ளே சளக் சளக் என்று சத்தம் வர வேண்டுமே. குடத்தின் வெளிப்பக்கத்திலும் தண்ணீரைத் தெளித்து ஈரமாக்கிக்கொள்வாள். தெரு முனை வரும்வரை விறுவிறுவென்று நடப்பவள், முனை திரும்பியதும் இடுப்பை ஒரு பக்கம் ஒடித்துக்கொண்டு, பாரம் சுமப்பவள் மாதிரி மெல்ல அடியெடுத்து வைப்பாள். எனக்குச் சிரிப்பு தாங்காது. அவளும் உதட்டைக் கடித்துக்கொள்வாள். அந்த முனையில் மட்டும் நாங்கள் இரண்டு பேரும் ஒரே வயசு.

ஆனால் இதெல்லாம் விடிவதற்கு முன்னால் எழுந்திருந்தால்தான். பொம்பளை தனியாக ஏரிக்கரைக்குப் போகக்கூடாது, துணை வேண்டும். அக்காவைக் கூட்டிப்போனால் வயசுப் பெண் என்பார்கள். ஆகையால் நான். கார்த்திகைப் பனியில் அம்மா வந்து என் உள்ளங்காலைத் தொடுவாள். அவள் கை ஐஸ்கட்டியாக இருக்கும். நான் போர்வையை இழுப்பேன், அவள் மறுபடி தொடுவாள். மார்கழி வந்ததும் அழுதேன். ஒருநாள் விட்டுவிட்டு ஒருநாள் போகலாம் என்று பேரம் பேசினேன். "டாக்டரம்மா தெனமும்னுதானே சொன்னாங்க" என்பாள். உலகத்திலேயே எனக்கு அப்போது வேண்டியிருந்தது ஒன்றுதான், ஆறரை மணிவரைக்கும் தூக்கம்.

இதற்கிடையில் தெருவில் ஒரு கூத்து நடந்தது. எதிர்வீட்டுக்காரர் வேர்க்கடலை மண்டி, நம் ஊர்ப் பேச்சில் மல்லாட்டை மண்டி, வைத்திருந்தார். ஒருநாள் காலையில் மண்டிக்குக் கிளம்பும்போது எதிரே அம்மா குடத்தோடு வந்தாள். அன்றைக்கு அவருக்கு வியாபாரம் பிய்த்துக்கொண்டு போயிற்றாம். நிறைகுடம் எதிரே வந்தால் நல்ல சகுனம் என்பது உங்களுக்குத் தெரியும். மறுநாளிலிருந்து மண்டிக்காரர் செருப்பைப் போட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னால் நிற்பார். மண்டிக்காரம்மா ஜன்னலில் எட்டிப் பார்த்து, வருது வருது என்று சைகை காட்டுவாள். அவர் ஏதோ தற்செயலாக வருவதுபோல வெளியே வருவார். பிறகு கடைசி வீட்டுக் கண்டக்டர் சேர்ந்துகொண்டார். பரீட்சை நாளில் பிள்ளைகளை விடியற்காலையிலேயே எழுப்பி எங்கள் எதிரே நடக்கவிட்டார்கள். அம்மாவுக்குக் கைராசிக்காரி என்று பேர் வந்தது. ஒரு சொம்புத் தண்ணீருக்கு இவ்வளவு மகிமை.

அம்மா பயந்துபோனாள். "இது எங்க போயி முடியுமோ தெரியலடி" என்றாள். ஆனால் நடையை விடவில்லை. மெட்டிப் புண் காய்ந்து தழும்பாகியிருந்தது. தாகம் குறைந்திருந்தது. பொங்கலுக்கு முன்னால் விழுப்புரம் போனபோது கண்ணாடிக் குழாய் பச்சையோடு நின்றுவிட்டது. டாக்டரம்மா அம்மாவின் தோளில் தட்டினாள். பஸ் ஸ்டாண்டில் அம்மா எனக்கு ஒரு முழம் மல்லிகைப் பூ வாங்கித் தலையில் வைத்துவிட்டாள். அந்தப் பூவின் வாசத்தோடு அவள் தோளில் சாய்ந்து திண்டிவனம் வரை தூங்கிக்கொண்டு வந்தேன்.

தை பிறந்தது. மண்டிக்காரர் மகளுக்கு விழுப்புரத்தில் ஓர் இடம் கூடிவந்தது. பேசி முடிக்க அவர் கிளம்பிய காலையில், கதவுக்குப் பின்னால் வழக்கத்தைவிட நேரம் காத்திருந்து, அம்மாவின் எதிரே வந்து, குடத்தைப் பார்த்து ஒரு கும்பிடே போட்டுவிட்டுப் போனார். சாயங்காலம் தொங்கிய முகத்தோடு திரும்பினார். மாப்பிள்ளை வீட்டார் வேறு இடம் பார்த்துவிட்டார்கள்.

அடுத்த நாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மண்டிக்காரம்மா கூப்பிட்டாள். உட்காரவைத்து, கையில் இரண்டு மல்லாட்டை உருண்டை கொடுத்தாள். வெல்லப்பாகு பல்லில் ஒட்டிக்கொண்டது. அவள் கோபமாகக் கேட்கவில்லை. மிகவும் குழம்பிப்போய்க் கேட்டாள்.

"நெறகொடம் எதிர்க்க வந்துச்சுன்னு அவ்ளோ சந்தோசமா போனாரு கண்ணு. அப்பறம் எப்படி தட்டிப்போச்சு? கொடத்துல தண்ணி இருந்துச்சுதானே?"

இருந்தது என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொம்பு இருந்ததே. பொய்கூட இல்லை அது. எத்தனையோ வருஷம் இந்த இடத்தில் வந்து நின்று, இருந்துச்சு அத்தை என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். அன்று காலையில்கூட எழுந்திருக்க மாட்டேன் என்று நான் அடம்பிடித்து, அம்மா என்னைத் தரதரவென்று இழுத்துப்போயிருந்தாள். இதைச் சொன்னால் நாளையிலிருந்து நடை இல்லை என்று என் புத்திக்குப் பளிச்சென்று தெரிந்தது. தெரிந்துதான் சொன்னேன். சின்னப் பிள்ளை, வாய் தவறிவிட்டது என்று யாரும் எனக்காகப் பேச வேண்டாம்.

"தண்ணியே இருக்காது அத்த. சும்மாதான் எடுத்துக்கினு போவோம்."

இன்னொரு உருண்டையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு மண்டிக்காரம்மா எங்கள் வாசலில் நின்றாள். பின்னாலேயே நாலைந்து பேர். தெருவில் அந்த மூன்று மாதத்தில் யாருக்கு என்ன கெட்டது நடந்ததோ, அதையெல்லாம் எங்கள் குடத்துக்குள் போட்டார்கள். கண்டக்டருக்குக் கால் சுளுக்கியது, ஒரு வீட்டு மாடு கன்றை ஈன்று செத்தது, எல்லாம். நல்லது நடந்ததை ஒருத்தரும் நினைக்கவில்லை. யாரோ செய்வினை என்றுகூடச் சொன்னார்கள்.

"வெறுங்கொடத்த தூக்கிக்கினு தெனமும் எதிர்ல வர்றியே, எங்க குடும்பம் உனக்கு இன்னா பாவம் பண்ணிச்சு?" என்றாள் மண்டிக்காரம்மா.

"யாரு சொன்னதுக்கா?"

"உன் மவதான் சொன்னா. கேட்டுப் பாரு."

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் தேவலை. நான் தூணுக்குப் பின்னால் போய் நின்றேன்.

எனக்குச் சக்கரை வியாதி, டாக்டர் நடக்கச் சொன்னார் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் கூட்டம் கலைந்திருக்கும். அவள் கண் கதவுக்குப் பின்னால் நின்ற அக்காவின்மேல் போனது. வாயை மூடிக்கொண்டாள். செய்வினைக்காரி என்ற பேரைவிடச் சக்கரைக்காரி என்ற பேர் பெண்ணின் கல்யாணத்துக்குக் கெடுதல் என்று நினைத்திருக்கிறாள், பாவி மகள். அப்பா வந்ததும், "வுட்டுடு. வூட்டுக்குள்ளயே நடந்துக்க, வெளிய வாணாம்" என்றார். வீட்டுக்குள் கூடத்திலிருந்து கிணற்றடி வரைக்கும் இருபது அடி. இரண்டு நாள் நடந்து பார்த்தாள், தலை சுற்றுகிறது என்று விட்டுவிட்டாள்.

அடுத்த நாள் காலை நான் ஆறரை மணிவரைக்கும் நன்றாகத் தூங்கினேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும். நடக்காமல் இருப்பதற்கு ஈடுகட்ட ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். அப்பா நாவல் கொட்டையை இடித்துக் கொடுத்தார். கேப்பைக் களி நல்லது என்று யாரோ சொல்ல, அம்மா சோற்றை விட்டுவிட்டுக் களியை மூன்று உருண்டை சாப்பிட்டாள். களியிலும் மாவுதான் இருக்கிறது, அளவுதான் முக்கியம் என்று யாருக்குத் தெரியும்? காபியில் சக்கரை போடாவிட்டால் சக்கரை வியாதி அடங்கிவிடும் என்று நம்பினார்கள். உடம்பு நன்றாக இருக்கிற மாதிரி தோன்றினால் மாத்திரையை நிறுத்திவிடுவாள். விழுப்புரம் போவதும் நின்றுபோனது. பச்சைக் குடத்தில் கொஞ்ச நாள் கேப்பையைக் கொட்டி வைத்திருந்தாள். விரிசல் விட்டபின் ஒருநாள் பழைய சாமானுக்குப் பேரீச்சம்பழம் கொடுக்கிறவனிடம் போட்டுவிட்டோம். பழத்தையும் நான்தான் தின்றேன்.

அக்காவுக்கு நல்ல இடத்தில் கல்யாணம் நடந்தது. நடந்து ஒரு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது, அவள் மாமியாருக்கும் சக்கரை. அந்த வீட்டிலும் மறைத்துத்தான் பெண் எடுத்திருந்தார்கள். அம்மா இதைக் கேட்டுவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை என்னால் இன்றும் தாங்க முடியவில்லை.

நான் வாத்தியார் வேலைக்குச் சேர்ந்த வருஷம் அம்மாவின் வலது காலில் ஒரு முள் தைத்தது. தைத்தது அவளுக்கே தெரியவில்லை. கால் மரத்துப்போய்ப் பல காலம் ஆகியிருந்தது. வீக்கத்தைப் பார்த்து நாங்கள் பாண்டிச்சேரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது, முழங்காலுக்குக் கீழே எடுத்தால்தான் ஆள் பிழைக்கும் என்றார்கள். அதன் பிறகு நாலு வருஷம் இருந்தாள். கூடத்திலிருந்து கிணற்றடிக்கு என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் வருவாள். அந்த நாலு வருஷத்தில் ஒருநாள்கூடக் குடத்தைப் பற்றிப் பேசவில்லை. நானும் பேசவில்லை.

எனக்குச் சக்கரை வந்த பிறகு என் டாக்டரிடம் ஒருமுறை இதைச் சொன்னேன். அவன் என்னிடம் படித்த பையன். அப்படியெல்லாம் ஒரே காரணம் சொல்ல முடியாது டீச்சர், மாத்திரையை ஒழுங்காகப் போடவில்லை, காலைப் பார்க்கவில்லை, எத்தனையோ இருக்கிறது என்றான். நடந்திருந்தால் கால் போயிருக்காதா என்று கேட்டேன். நல்லதாகத்தான் இருந்திருக்கும் என்றான். நல்ல பையன். பொய் சொல்லத் தெரியவில்லை.

மேலே ஓரிடத்தில் நான் பொய் சொல்லியிருக்கிறேன். அடுத்த நாள் காலை நன்றாகத் தூங்கினேன் என்று எழுதியது. அதை அடித்துவிட்டுத் திருத்தலாம் என்று பார்த்தேன், இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஐம்பது வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கும் பொய் அது.

அன்று விடிவதற்கு முன்னால் அம்மா வந்தாள். எப்போதும்போல என் உள்ளங்காலைத் தொட்டாள். அந்த வாசலில் அத்தனை பேச்சுக் கேட்டபிறகு, அப்பா வேண்டாம் என்றபிறகு, அவள் வருவாள் என்று நான் நினைக்கவேயில்லை. லேசாகக் கண்ணைத் திறந்து பார்த்தேன். தலை வாரி, புடவையை இழுத்துச் செருகி, கிளம்பத் தயாராக இருந்தாள். இடுப்பில் குடம் இல்லை.

"எழுந்திரும்மா" என்றாள் மெதுவாக. "கொடம் வாணாம். சும்மாவே கைய வீசிக்கினு போயிட்டு வரலாம். நீ கூட வந்தா போதும்."

நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். அம்மா கொஞ்ச நேரம் நின்றாள். இன்னொரு தடவை காலைத் தொட்டாள். பிறகு விலகிக் கிடந்த போர்வையை இழுத்து என் காலை மூடிவிட்டு, அடுப்பங்கரைக்குப் போனாள். தூங்கவில்லை நான், ஆறரை மணிவரைக்கும் விழித்துக்கொண்டேதான் படுத்திருந்தேன்.